மூடி மட்டும் தெரிந்த தண்ணீர்

முழங்கை மறையும்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, அங்கே போனபிறகுதான் குப்பியைத் திறந்தாள். மேல் தண்ணீர் ஒன்று சொல்லும், கீழ்த் தண்ணீர் வேறு சொல்லும். குளோரின் கலந்த தண்ணீர் வந்து விழுகிற குழாய்ப் பக்கம் எடுத்தால் எந்த நீச்சல் குளமும் தேறிவிடும். அத்தான் நாற்காலி போட்டு வைத்திருந்தது அந்தக் குழாய்ப் பக்கம்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு, குளத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்மூலைக்கு வந்து குந்தியிருந்தாள்.

"ஏம்மா, அங்க நிழலாவது இருந்துச்சு" என்றார் அத்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

"தண்ணி எடுக்க வந்தேன் அத்தான். காத்து வாங்க வரல."

"எடு, எடு. நல்லா எடு. இன்னைக்குத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு."

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்காமலே நல்ல வார்த்தை சொல்கிறவர்களை அவள் குறித்து வைத்துக்கொள்வாள். பதினெட்டு வருடமாக நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். பால் புதுசு என்று பால்காரர் தானாகச் சொன்னால் பால் பழசு. இப்போதுதான் கழுவினோம் என்று சமையல்காரர் சொன்னால் நேற்றுக் கழுவியது. சொன்னவர் அக்காவின் கணவராக இருந்தாலும் கணக்கு மாறுவதில்லை.

குப்பிக்குள் மாத்திரையைப் போட்டுக் குலுக்கினாள். தண்ணீர் இளஞ்சிவப்பானது. வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தாள். குளோரின் இருக்க வேண்டிய அளவு இருந்தது. அடுத்த குப்பி. அமிலமும் இல்லை, காரமும் இல்லை, நடுவாக நின்றது. குளிக்கும் அறைகளுக்குப் போய்த் தரையைப் பார்த்தாள், வடிகாலை முகர்ந்தாள், மருந்து அறைப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். குளோரின் பீப்பாய் ஒரு மூலை, அமிலக் கேன் எதிர்மூலை, நடுவே சுவர். உயிர்காக்கும் வளையம் ஆணியில் தொங்கியது. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

அலுவலகத்தில் அவளுக்கு மோப்பம் என்று பெயர். கடைத்தெரு முனையில் அவள் தலை தெரிந்ததும் முதல் கடைக்காரர் ஷட்டரைக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டுவார். சத்தம் கடைகடையாகத் தாவி மறுமுனை போய்ச் சேர்வதற்குள் ஈ மொய்த்த தட்டுகள் எல்லாம் மேசைக்கு அடியில் போய்விடும். அதனால் அவள் மறுமுனையிலிருந்து வர ஆரம்பித்தாள். அங்கேயும் தட்டினார்கள். பிறகு நடுவிலிருந்த சந்து வழியாக.

வீட்டிலும் அப்படித்தான். மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் யாருக்கும் தரமாட்டாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர், வந்த விருந்தாளிகளிடம் எல்லாம் சொல்லுவார்: "பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே என் முதுகுல தேதி போட்டிருக்கான்னு எட்டிப் பாத்தவ இவ. போடல. அந்தச் சந்தேகத்துலதான் இன்னும் வெச்சிருக்கா."

அவளுக்கு இந்தப் புத்தி வரக் காரணமே தான்தான் என்பது அக்காவின் கட்சி. சின்ன வயதில் தங்கையின் பாலில் பாதியைக் குடித்துவிட்டு, அளவு தெரியாமலிருக்கத் தண்ணீர் ஊற்றி வைப்பாள். தங்கை நாக்கில் வைத்ததும் தம்ளரைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடுவாள். "உனக்கு இந்த உத்தியோகம் கெடச்சதே என்னாலதான்டி, சம்பளத்துல பாதி என்னுது" என்பாள் அக்கா.

அத்தான் வேலை பார்த்த நூல் ஆலையை மூடியபிறகு அவர் வீட்டில் கொஞ்ச காலம் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அக்காவே கொஞ்சநாள் கூலிக்குத் தையல் தைத்தாள். பிறகு இந்தக் குளத்து மேலாளர் வேலை கிடைத்தது, தற்காலிகமாக. அக்கா தையலை நிறுத்தினாள். இந்த மாதம் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. நாளைக்குப் பள்ளிகளுக்கு இடையே நீச்சல் போட்டி. நகராட்சித் தலைவர் வருகிறார். நன்றாக நடத்திக் காட்டிவிட்டால் உத்தரவு அங்கேயே கையில் கிடைக்கும் என்று அக்கா ஒரு வாரமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சொந்தக்காரர் குளத்துக்குத் தன்னை அனுப்ப வேண்டாம் என்று அவள் அதிகாரியிடம் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். "இருக்கிறதே ரெண்டு ஆளு. அவருக்குத் தண்ணியப் பாத்தாலே தலை சுத்துது. நீங்க போங்க. நீங்க யாரு, உங்க அக்காவையே விடமாட்டீங்க" என்று அதிகாரி சிரித்தார். அவளும் சிரித்தாள். போட்டிக்கு முந்தின நாள் எந்தக் குளத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்பது விதி.

ஆழமான பக்கத்தின் விளிம்பில் போய் நின்றாள். கடைசி வேலை இதுதான். அடித்தரையில், தண்ணீரை உறிஞ்சி வடிகட்டிக்கு அனுப்பும் குழாயின் வாயில் கம்பி மூடி ஒன்று இருக்கும். மேலே நின்று பார்த்தால் அந்த மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஆளை இறக்கக் கூடாது. மாத்திரையும் அட்டையும் வருவதற்கு முன்பிருந்தே உள்ள பரிசோதனை. கண் இருந்தால் போதும்.

மூடி தெரிந்தது. பளிச்சென்று, ஆரஞ்சு நிறத்தில், தட்டில் வைத்த மாதிரி தெரிந்தது.

"தெரியுதா?" என்றார் அத்தான்.

"தெரியுது."

"அப்ப முடிஞ்சுது. டீ சொல்லட்டுமா?"

உயரமான காவல் நாற்காலியிலிருந்து லைஃப்கார்டு இறங்கி வந்தார். தொப்பையும் மெலிந்த கால்களுமாக இருந்த அவரை எல்லோரும் தவளை என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பினார். "மேடத்துக்குச் சர்க்கரை இல்லாம சொல்லுங்க சார். சர்க்கரையில என்ன கலந்திருக்கோன்னு யோசிச்சிட்டே இருப்பாங்க."

அவள் பேனாவைத் திறந்தாள். திறந்தபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதோ ஒன்று உறுத்தியது. நீந்துகிறவர்களுக்கு வழிகாட்ட அடித்தரையில் பதித்த கறுப்புக் கோடுகள் ஆழமில்லாத பக்கத்திலிருந்து நேராக வந்தன. நடுவில் சாம்பலாகின. அப்புறம் எங்கே முடிந்தன என்று சொல்ல முடியவில்லை. நீல ஓடுகளின் இணைப்பும் அப்படியே. மூடி தெரிந்தது. அது கிடக்கிற தரை தெரியவில்லை. மூடி எதன் மேலும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது.

"இதுக்கு எப்ப பெயின்ட் அடிச்சீங்க?"

தவளை அத்தானைப் பார்த்தார். அத்தான் நாற்காலியின் முதுகைப் பார்த்தார்.

"போன தடவை நீ வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்" என்றார் அத்தான்.

"எதுக்கு?"

"எதுக்கா? நீதானேம்மா சொன்ன. மூடி சரியாவே தெரியல அத்தான், அடுத்த தடவை நான் வரும்போது நல்லா தெரியணும்னு. இதே எடத்துல நின்னு சொன்ன. தவளையைக் கேளு."

"சொன்னீங்க மேடம்" என்றார் தவளை. "நான்தான் முங்கி, கழட்டி எடுத்து வந்து, காய வெச்சு, திரும்ப மாட்டினேன். திருகாணி ஒண்ணு கையவிட்டு நழுவி, அதைத் தேடுறதுக்குள்ள மூச்சே போயிடுச்சு."

"ஏன் ஆரஞ்சு?"

"லைஃப் ஜாக்கெட் கலரு மேடம். தண்ணியில அதுதான் நல்லா எடுக்கும்."

சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்யுங்கள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னாள். இவர் மூடியைச் சுத்தமாக்கியிருக்கிறார். உண்மையிலேயே விளங்காமல் செய்தாரா? இல்லை, விளங்கித்தான் செய்துவிட்டு இப்போது அவள் வாயில் வந்த வார்த்தையையே கேடயமாகப் பிடிக்கிறாரா? அத்தான் சீட்டாட்டத்தில் கையிலுள்ள சீட்டு அத்தனையும் முகத்தில் தெரியும்படி ஆடுகிறவர். அந்த முகத்தை அவள் இப்போது துருவினாள். வியர்வைதான் தெரிந்தது. வெயிலும் இருந்தது.

"தினமும் காலையில எதைப் பாத்துக் கதவைத் திறக்குறீங்க?" தவளையிடம் கேட்டாள்.

"மூடியத்தான் மேடம். மூடி தெரிஞ்சா தெற, இல்லன்னா சாரைக் கூப்பிடு. சார் போட்ட ரூல்."

"பெயின்ட் அடிச்சப்புறம் சாரைக் கூப்பிட்டீங்களா?"

"அவசியமே வரல மேடம். தெனமும் தெரிஞ்சுதே."

அவள் சுற்றிலும் பார்த்தாள். உடை மாற்றும் அறை வாசலில் பழுப்பு நிறத்தில் ஒரு ரப்பர் கால்மிதி கிடந்தது. நனைந்து நனைந்து கறுத்துப்போன பழுப்பு. ஏறக்குறைய ஆள் தோலின் நிறம். நீளத்தில் ஒரு சின்னப் பிள்ளை படுக்கலாம்.

"அதை எடுத்துட்டுப் போயி அடியில போட்டுட்டு வாங்க. ஆழத்துல, எங்க வேணா. எங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. நான் திரும்பிக்கிறேன்."

"கண்ணாமூச்சியா மேடம்?" தவளை சட்டையைக் கழற்றினார். "சம்பளத்துல இதுவும் சேர்த்தியா சார்?"

"போய்த் தொலையேன்யா" என்றார் அத்தான்.

அவள் சுவரைப் பார்த்து நின்றாள். தண்ணீர் சத்தம் கேட்டது. அடங்கியது. மறுபடி கேட்டது. தவளை மேலே வந்து இருமினார். திரும்பி, விளிம்போரமாக நடந்தாள். நின்று பார்த்தாள், குந்திப் பார்த்தாள், கையைப் புருவத்தில் வைத்து வெயிலை மறைத்துப் பார்த்தாள். மூடி ஒவ்வொரு இடத்திலிருந்தும் அவளைப் பார்த்தது. கால்மிதி எங்கும் இல்லை.

தன் கண்ணையும் அவள் அந்த நேரத்தில் நம்பவில்லை. சொந்தக்காரர் என்று விட்டுவிட்டாள் என்ற பேச்சு வரக் கூடாதே என்று வேண்டுமென்றே முறைத்துக்கொண்டு பார்க்கிறாளோ? வேறொரு குளமாக இருந்தால் இவ்வளவு தூரம் போயிருப்பாளா?

"நீங்க பாருங்க அத்தான். எங்க கெடக்குன்னு சொல்லுங்க."

அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இதோ. இங்க கறுப்பா தெரியுதே."

"அது உங்க நெழலு சார்" என்றார் தவளை.

அத்தான் ஓரடி நகர்ந்தார். கறுப்பும் ஓரடி நகர்ந்தது.

அந்த நேரம் பார்த்து அறைகளைத் துடைக்கும் அம்மாள் வாளியோடு வெளியே வந்தார். "யாரு என் கால்மிதிய எடுத்தது? இப்பத்தான் அலசி வெச்சுட்டு உள்ள போனேன். கண்ண மூடித் தெறக்கிறதுக்குள்ள காணோம். இங்க இருக்கிறவங்க கழட்டிப் போட்டிருந்தா காலையே எடுத்துட்டுப் போயிடுவாங்க." திட்டிக்கொண்டே குளத்தின் விளிம்புக்கு வந்து, வாளியிலிருந்த துணியைப் பிழிந்தார். தண்ணீரைப் பார்த்தார். நாற்காலிக்கு அடியில் பார்த்தார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

தவளை வாயைத் திறந்து மூடினார்.

"தண்ணிக்குள்ள என்னம்மா தெரியுது?" என்று ஆய்வாளர் கேட்டாள்.

"என்ன தெரியும்? அந்த ஆரஞ்சு மூடி தெரியுது."

"வேற?"

"வேற என்ன இருக்கு அங்க?"

தவளை ஈரம் சொட்டச் சொட்டக் காவல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். தினமும் உட்கார்கிற மாதிரி, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கும்போது முகத்தில் விளையாட்டு இல்லை.

"மேடம், அந்தம்மா இப்ப நிக்கிற கால்மாட்டுலதான் போட்டேன். நேர் கீழ. போட்டது நான். எங்கன்னும் தெரியும். எனக்கே தெரியல." அத்தான் பக்கம் திரும்பினார். "சார், காலையில நாப்பது புள்ளைங்க இருந்துச்சு சார் இதுக்குள்ள."

துடைக்கும் அம்மாள் ஓரடி பின்னால் வந்தார். அத்தான் உட்கார்ந்தார். யாருக்காகவோ தூக்கிக்கொண்டு சுற்றிய நாற்காலியில் அவரே உட்கார வேண்டியதாயிற்று.

"ஒரு நாள் விடும்மா" என்றார். "நாளைக்கு ஒரு நாள். ஞாயித்துக்கிழமை மூடிடறேன். ஃபில்டரைப் பிரிச்சு மேய்ஞ்சிடறேன். இப்பவே ராத்திரியெல்லாம் மோட்டார் ஓட்டச் சொல்றேன்."

"ஒரு ராத்திரியில தெளியற கலங்கலா இது?"

"சரி, தெளியல. நாலு பக்கமும் ஆளுங்கள நிக்க வெக்கிறேன். தவளையோட இன்னும் அஞ்சு பேரு. வாத்தியாருங்க வேற இருப்பாங்க."

"நாம நாலு பேரு நின்னு பாத்தோமே அத்தான், இப்போ."

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ சொல்லித்தான் பண்ணேன். கேட்டா நான் அதைத்தான் சொல்லணும். வேற என்ன சொல்றது நான்?"

மிரட்டலா, முறையீடா? இரண்டாகவும் கேட்டது. அவள் அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க" என்றாள். "உண்மைதானே. நான் சொன்னதும் சரியா சொல்லல. அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

போன் அடித்தது. அக்கா. அத்தான் எப்போது செய்தி அனுப்பினார் என்று அவள் கவனிக்கவில்லை. மோப்பம் என்று பெயர் வைத்தவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்னடி பண்ற அங்க?"

"வேலைக்கா."

"ஊர்ல எவனெவனோ நாத்தம் புடிச்ச கடை வெச்சிருக்கான். உனக்கு என் வீட்டுக்காரர்தான் கெடச்சாரா?"

"தண்ணி கலங்கியிருக்கு. அடி தெரியல. ஒரு புள்ள முங்கி அடியில போனா மேல நிக்கிறவங்களுக்குத் தெரியாது."

"இத்தனை நாளா யாரு போனா? ஒருத்தரும் போகல. நாளைக்கு என் பொண்ணே அதுல எறங்குறா. எனக்கு இல்லாத அக்கறை உனக்கு?"

அவளுக்கு அது தெரியும். அக்காவின் மகள் மூன்றாம் தடத்தில் நீந்துகிறாள். குளம் அவளுக்கு வீட்டு முற்றம் மாதிரி.

"அவ எறங்கறதுனாலதான் சொல்றேன்னு வெச்சுக்கோக்கா."

"அதெல்லாம் வேணாம். இந்த நேரத்துல நீ இதை மூடினா அவருக்கு வேலை நிக்காது. அது தெரியுமா, தெரியாதா? அதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பண்றியா?"

"ஆமாக்கா."

அக்கா போனை வைத்துவிட்டாள். தவளை சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். அந்தச் சட்டை நனையவே இல்லை.

அவள் பைக்குள்ளிருந்து அறிவிப்புத் தாளை எடுத்தாள். குளத்தின் பெயர், காரணம், கையெழுத்து. காரணம் என்ற இடத்தில், அடித்தரை தெரியவில்லை என்று எழுதினாள். மேலாளர் ஏமாற்றினார் என்றும் எழுதவில்லை, தெரியாமல் செய்தார் என்றும் எழுதவில்லை. இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் தெரியவரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

அத்தான் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி, அவள் சட்டென்று வாங்கிக்கொள்ளாததால், தாளின் மேல் வைத்தார்.

"டீ வந்துடுச்சு" என்றார். "குடிச்சிட்டுப் போ."

அவள் வாங்கிக் குடித்தாள். எப்போதும் செய்வதுபோல் முதலில் நிறம் பார்க்கவில்லை. அது மரியாதைக்காகவா, அவர் பார்த்துக்கொண்டிருந்ததாலா என்று தெருவுக்கு வந்தபிறகு யோசித்தாள். அதிகாரிக்குப் போன் செய்து சொன்னாள். "நாளைக்கா? தலைவர் வராரே" என்றார் அவர். தாளில் எழுதிய காரணத்தை அவள் படித்துக் காட்டினாள். "அடி தெரியலன்னா தெரியலதான்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. போட்டி நடக்கவில்லை. செய்தி போய்ச் சேராத இரண்டு பள்ளிகளின் பேருந்துகள் காலையில் வந்து, கதவில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டுத் திரும்பின. தலைவர் வேறொரு நிகழ்ச்சிக்குப் போனார். பத்து மணிக்குமேல் ஃபில்டரைத் திறந்தார்கள். உள்ளே மணல் எண்ணெயும் முடியும் சேர்ந்து பாளம்பாளமாகக் கெட்டித்திருந்தது. தண்ணீர் பக்கவாட்டில் வழி கண்டுபிடித்து, வடிகட்டப்படாமலே குளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மணல் மாற்ற ஒரு வாரம் ஆகும் என்றார் வந்திருந்த மெக்கானிக். பெயின்டையும் சுரண்டி எடுக்கச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டார். அத்தான் முழு நேரமும் அங்கே இருந்தார். அவருடைய நியமனத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அவள் காலையில் ஒரு ஐஸ் தொழிற்சாலையையும், மதியம் ஒரு விடுதியின் சமையலறையையும் பார்த்தாள். விடுதியில் எலி வளை ஒன்று இருந்தது. அடைக்கச் சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தாள். அக்கா எடுக்கவில்லை. அக்காவின் மகள் எடுத்து, அம்மா தைத்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். அவள் சரி என்றாள்.